டைல்ஸ் மேல மரத்தரை: தேக்கா, லேமினேட்டா?

கேள்வி: சென்னை, தரைத்தளம், 12×11 அடி படுக்கையறை. இருக்கிற டைல்ஸை உடைக்காம மேலேயே போடணும். எது சரி?

பதில் 1: டைல்ஸ் மேலன்னா லேமினேட்தான் சார், அதாவது மர டிசைன் ஒட்டின மெல்லிசான ரெடிமேட் பலகை. தேக்குப் பலகையே 18 மி.மீ., அடியில பிளைவுட் வேற. கதவை நிறைய வெட்ட வேண்டி வரும். லேமினேட்ல 8 மி.மீ., ஏசி4 தரம் (தேய்மானத்தைத் தாங்கற அளவு) கேளுங்க. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 146 சதுர அடி வாங்குங்க. பெட்டியைப் பிரிக்காம 2 நாள் அதே அறையில கிடத்துங்க. சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம், இல்லன்னா மழைக்காலத்துல பலகை விரிஞ்சு நடுவுல தூக்கிக்கும். ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில வர்ற பட்டி) சுவர்ல அடிக்கச் சொல்லுங்க, பலகையில இல்ல. ஆசாரிங்க அவசரத்துல பலகையிலயே அடிச்சிடுவாங்க, அதுதான் தப்பு.

பதில் 2: முதல்ல ஈரம் பாருங்க. 2 அடி பாலிதீன் ஷீட்டை டைல்ஸ் இடுக்கு மேல விரிச்சு, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடியில நீர் முத்து கோத்திருந்தா அதைச் சரிபண்ணாம எதுவும் போடாதீங்க.

கேட்டவர்: தினமும் தண்ணி ஊத்தித்தான் மாப் போடுவாங்க.

பதில் 1: அப்போ லேமினேட் வேணாம். ஜாயின்ட்ல தண்ணி இறங்கினா உள்ள இருக்கிற எச்டிஎஃப் (அழுத்தின மரநார்ப் பலகை) உப்பும், திரும்ப அமுங்காது. இழைச்சுச் சரிபண்ணவும் முடியாது, மேல இருக்கிறது அச்சடிச்ச காகிதம். எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, தண்ணிக்கு உப்பாது) பாருங்க.