குங்குமப்பூ பன்னும் லுசியா காலையும்: ஸ்வீடனில் சுட்டவர்கள் சொல்கிறார்கள்

உப்சாலாவிலிருந்து

டிசம்பர் 13, லுசியா திருநாளுக்கு இங்கே சுடும் குங்குமப்பூ பன்தான் லுசெகாட். “லுசெகாட் மறுநாளே கட்டை மாதிரி ஆகிவிடுகிறது, என்ன பண்ணுவது” என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள், ஸ்வீடன்காரர்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகிறது. குங்குமப்பூ மாவை உலர்த்திவிடும் என்று இங்கே எல்லாரும் ஒரே வாயாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை பழியில் பாதிதான் பூவுக்கு. மீதி, கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் அள்ளிக் கொட்டும் மைதாவுக்கும், “இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்” என்று விட்டுவைக்கும் ஓவனுக்கும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கும் எண்பதைத் தாண்டிய பெண்மணி. இந்த ஊரில் வயது பார்க்காமல் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு இன்றுவரை அது வாயில் வரவில்லை. பெயரே வராதபடி வாக்கியத்தை வளைத்துப் பேசப் பழகிவிட்டேன்.

முதலில் குங்குமப்பூ. நம்மூரில் டப்பாவுக்குள் டப்பாவாக வைத்து, பாலில் நாலு இழை போட்டு, அதையும் எண்ணிப் போடுவோம். இங்கே பொடித்த பூ அரை கிராம் காகித உறையில் வரும். திருட்டுப் பயத்தால் பல கடைகளில் அலமாரியில் இருக்காது, பில் போடும் இடத்தில் கேட்டுத்தான் வாங்கவேண்டும். அரை லிட்டர் பாலில் பிசையும் மாவுக்கு இரண்டு உறை, அதாவது முழுசாக 1 கிராம். ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூக்களின் சூல்முடி வேண்டும் என்பதை நினைத்தால் கை நடுங்கத்தான் செய்யும். இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் கிடைப்பது வெறும் மஞ்சள் பன், அவ்வளவுதான். அதற்காக இரண்டு மடங்கு போட்டுவிடாதீர்கள், மருந்து மாதிரி கசக்கும்.

கீழ்வீட்டு அம்மா செய்தது இப்படி. முதல்நாள் சாயங்காலமே சின்ன உரலில் குங்குமப்பூவையும் ஒரு சர்க்கரைக் கட்டியையும் போட்டு நுணுக்கினார். கட்டி நொறுங்க நொறுங்க பூவும் அதோடு இன்னும் நைஸாகிறது. அதன்மேல் ஒரு ஸ்பூன் வோட்கா விட்டு மூடி வைத்தார். நிறம் தரும் குரோசின் தண்ணீரிலேயே கரைந்துவிடும், ஆனால் வாசனைக்குச் சாராயம் நன்றாகக் கைகொடுக்கிறது. ஓவன் சூட்டில் அது பெரும்பாலும் ஆவியாகிவிடும். வீட்டில் அது கூடாது என்பவர்கள் வெதுவெதுப்பான பாலில் ஊறவிட்டாலும் நிறத்துக்குக் குறை வராது. மறுநாள் பால் விடும்போது அந்த உரலையும் இரண்டு தடவை பாலாலேயே கழுவி மாவில் ஊற்றினார். ஒரு துளி மஞ்சள்கூட சிங்க்குக்குப் போகவில்லை. அம்மாவும் இப்படித்தான் மிக்ஸி ஜாரைக் கழுவி ஊற்றுவாள்.

அளவு: பால் அரை லிட்டர், வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை ஒன்றரை டெசிலிட்டர் (150 மி.லி. அளவு), அரை ஸ்பூன் உப்பு, இனிப்பு மாவுக்கென்று விற்கும் ஈஸ்ட் கட்டி 50 கிராம், ‘கெசெல்லா’ 250 கிராம். கடைசியாகச் சொன்னது குவார்க், கட்டித் தயிர் மாதிரி ஒரு பால்பொருள். மறுநாளும் ஈரப்பதம் நிற்க உதவுவது அதுதான், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மைதா ஏறத்தாழ ஒரு கிலோ. வெண்ணெயை உருக்கி, அதில் பாலை ஊற்றி 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். விரல் விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ரொம்பச் சூடானால் ஈஸ்ட் செத்துப்போகும்.

மைதாவில் ஒரு கப் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பிசைய ஆரம்பித்தார். மாவு கிண்ணத்தில் அப்பிக்கொண்டிருந்தது. என் கை தானாகவே அந்தக் கப் பக்கம் போனது, அவர் அதை நகர்த்தி வைத்துவிட்டார். பத்து நிமிடம் மெஷினில் ஓடியதும் அதே மாவு தானாகவே கிண்ணத்தின் ஓரத்தை விட்டுக் கழன்று பளபளவென்று ஆனது. பரோட்டா மாவு பிசைந்த கை உள்ளவர்களுக்கு இந்தப் பதம் சொல்லாமலே புரியும். அரைமணிக்குமேல் பொங்கவிட்டு, மேசையில் மாவு தூவாமலே கயிறு மாதிரி உருட்டினார். வெண்ணெய் இருப்பதால் ஒட்டவில்லை. இரண்டு முனையையும் எதிரெதிர்த் திசையில் சுருட்டினால் எஸ் மாதிரி வரும், அதற்கு ‘யூல்கால்ட்’ என்று பெயர், கிறிஸ்துமஸ் பன்றி. அதில் இரண்டைக் குறுக்காக வைத்தால் ‘குல்வாங்ன்’. ‘பாதிரியார் முடி’ என்று சுருள் சுருளாக ஒன்று, துணியில் சுற்றிய குழந்தை மாதிரி ஒன்று. கடையில் வாங்கினால் எல்லாம் எஸ்தான்.

ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஒரு உலர்திராட்சை. தண்ணீரில் ஊறவைத்த திராட்சையை விரலால் அடிவரை அமுக்க வேண்டும். மேலாக வைத்தால் மாவு பொங்கும்போது வெளியே தள்ளிவிடும், ஊறாமல் வைத்தால் கருகிவிடும்.

தட்டில் இன்னொரு அரைமணி பொங்கவிட்டு, முட்டை தடவி, 225 டிகிரி. ஏழு எட்டு நிமிடம்தான். ஓவன் முன்னாலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், போன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துக் கம்பித்தட்டில் வைத்துத் துணி போட்டு மூடினார். ஆறியதும் அன்றைக்குச் சாப்பிடுவதை எடுத்துக்கொண்டு மீதியெல்லாம் நேராக ஃப்ரீசர். டப்பாவில் போட்டு மேசையில் வைக்கவே கூடாது என்பது அவர் கட்சி. 13ஆம் தேதி காலையில் எடுத்துச் சூடு பண்ணினால் அப்போதுதான் சுட்ட மாதிரி இருக்கிறது.

ஏலக்காய் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஸ்வீடன் பன்களில் வருஷம் முழுக்க ஏலக்காய் உண்டு. இதில் மட்டும் போடாதீர்கள் என்பேன். இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும், 1 கிராம் பூவுக்குக் கொடுத்த காசு வீண்.

யோத்தெபொரியிலிருந்து

நான் யாழ்ப்பாணம். எண்பதுகளிலை வந்த ஆக்கள் நாங்கள். இந்தப் பணிசை முதல் கண்ட கதையைச் சொல்லுறன்.

முதல் டிசம்பர் அகதியள் தங்கிற இடத்திலை இருந்தம். ஒரு நாள் விடியக்காலமை, கும்மிருட்டு, கதவிலை தட்டிற சத்தம். ஊரிலை அந்த நேரத்திலை கதவு தட்டினால் என்ன எண்டு எங்கடை காலத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னோடை அறையிலை இருந்த பெடியன் கட்டிலாலை இறங்கிச் சப்பாத்தைத் தேடத் துவங்கிட்டான். கதவைத் திறந்தால் வெள்ளை உடுப்பும் இடுப்பிலை சிவப்புப் பட்டியுமா ஒரு பிள்ளை, தலையிலை மெழுகுதிரி எரியுது. பின்னாலை வரிசையா இன்னும் கொஞ்சப் பிள்ளையள் பாடிக்கொண்டு நிக்கினம். அங்கை வேலை செய்த அக்கா ஒரு தட்டிலை மஞ்சள் பணிசும் கோப்பியும் நீட்டினா. அந்தப் பெடியன் ஒரு கையிலை சப்பாத்தோடையே மற்றக் கையாலை வாங்கினான்.

இது என்ன கூத்தெண்டு விளங்கக் கன நாள் எடுத்தது. என்ரை மனிசி கத்தோலிக்கம். அவதான் சொன்னவ, இது லூசியம்மாவின்ரை திருநாளெண்டு. கொழும்பு கொட்டாஞ்சேனையிலை அவவின்ரை பேரிலை பேராலயமே இருக்கு. சிசிலித் தீவிலை சிராகுசா எண்ட இடத்துப் பிள்ளை, 304ஆம் ஆண்டு வேதத்துக்காக உயிர் விட்டவ, கண்வருத்தத்துக்கு நேர்த்தி வைக்கிறது அவவுக்குத்தான். புதினம் என்னெண்டால், இஞ்சத்தைச் சனம் லூத்தரன் சபை. புனிதர்மாருக்கு நேர்த்தியும் இல்லை, மன்றாட்டும் இல்லை. ஆனால் இந்த ஒராளை மட்டும் விடமாட்டினம். பாட்டுக்கூட நேப்பிள்ஸ் படகோட்டியளின்ரை மெட்டு. பழைய பஞ்சாங்கத்திலை இந்த இரவுதான் வருசத்திலேயே நீண்ட இரவெண்டு கணக்கு, அண்டைக்கு மாடு ஆடெல்லாம் கதைக்குமாம். 1753இலை ஸ்வீடன் நாட்காட்டியை மாத்தினது, நாள் மட்டும் 13இலையே நிண்டிட்டுது.

பிறகு நான் ஒரு பேக்கரியிலை இரவு வேலை செய்தனான். நொவெம்பர் பிறந்தால் போறணை நிறைய இதுதான். உப்சாலாக்காரர் சொன்னதெல்லாம் சரி, ஒண்டு மட்டும் சேர்க்கிறன். 50 கிராம் ஈஸ்ட் அவசரக்காரருக்கு. 10, 15 கிராம் போட்டு, பாலைச் சூடாக்காமல் குளிராகவே விட்டுக் குழைச்சு, இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியிலை வையுங்கோ. மெல்லப் பொங்கின மாவிலை ஈஸ்ட் மணம் அடிக்காது, பூவின்ரை மணம்தான் நிக்கும். குளிர் மாவு உருட்டவும் சுகம். உருட்டின பிறகு அறைச்சூட்டிலை நல்லாப் பொங்கவிட மறக்காதேங்கோ, ஒரு மணித்தியாலத்துக்கு மேலையும் எடுக்கும்.

கீருனாவிலிருந்து

முட்டை சாப்பிடாதவங்க கவனிங்க: மாவுல முட்டை போடாத செய்முறைதான் நிறைய. மேல தடவுறது மட்டும்தான். அதுக்குப் பதிலா பாலோ க்ரீமோ தடவலாம், பளபளப்பு கொஞ்சம் கம்மி, ருசியில வித்தியாசம் இல்லை. பாலும் வேண்டாம்னா ஓட்ஸ் பாலும் தாவர மார்கரினும் போட்டுச் சுடுறாங்க, நல்லாவே வருது.

இங்க, ஸ்வீடனோட வடகோடியில, டிசம்பர் 10 வாக்குல மறையற சூரியன் புதுவருஷத்துக்குத்தான் தலைகாட்டும். மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமா இருக்கும், அதோட சரி. ஸ்டாக்ஹோம்காரங்க காலைல எட்டரைக்கு மேலதான் விடியுது, மூணு மணிக்கு முன்னாடியே இருட்டுதுன்னு புலம்பும்போது எங்களுக்குச் சிரிப்புதான் வரும். சமையலறை எவ்வளவு சூடா இருந்தாலும் ஜன்னல் பக்கம் மாவை வைக்காதீங்க. அறை நடுவுல இருபது டிகிரி, ஜன்னல் விளிம்புல கை வச்சா சில்லுன்னு இருக்கும், மாவு அசையவே அசையாது.

லுண்டிலிருந்து

பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன், எங்கள் பக்கக் கதையையும் கேளுங்கள். லுசியா ஊர்வலத்தில் பெண்குழந்தைகள் எல்லாருக்கும் லுசியாவாகத்தான் ஆசை. அதனால் எங்கள் பள்ளியில் யார் கேட்டாலும் கிரீடம் உண்டு, எத்தனை லுசியா வேண்டுமானாலும் வரலாம். சில வருஷம் பையன்களும் கேட்பார்கள், கொடுப்போம். கூம்புத் தொப்பியோடு நட்சத்திரப் பையன்கள், இஞ்சி பிஸ்கட் வேஷம், குட்டிச்சாத்தான் மாதிரி சிவப்புக் குல்லாய் தொம்தே, எல்லாம் கலந்து நடக்கும். சின்னவர்களுக்கு பேட்டரி மெழுகுவர்த்திதான். பெரியவர்கள் நிஜ மெழுகுவர்த்தி வைக்கும்போது முடியில் மெழுகு சொட்டாமல் ஈரத்துணி கட்டி அதன்மேல் கிரீடம் வைப்பார்கள்.

முந்தின நாள் குழந்தைகளோடு பன் உருட்டுவோம். நேர்மையாகச் சொன்னால், அந்தப் பன்னை யாரும் சாப்பிட ஆசைப்படமாட்டீர்கள். ஒரே மாவைக் கால்மணி நேரம் உருட்டிச் சாம்பல் நிறமாக்கிவிடுவார்கள். ஒரு நாலு வயதுக்காரர் பன்னுக்குத் திராட்சையால் ஒன்பது கண் வைத்தார், ஓவனிலிருந்து வந்ததும் ஒன்பதையும் நோண்டித் தின்றுவிட்டு, பன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெற்றோருக்கு வைப்பது ஃப்ரீசரில் இருந்து எடுத்த வேறு பன் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: 13ஆம் தேதி காலை 7 மணிக்கு எஸ்விடி தொலைக்காட்சியில் லுசியா நிகழ்ச்சி வரும். இருட்டில் எழுந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு, பன்னும் காபியுமாகப் பார்க்கலாம்.

மறுபடி உப்சாலா

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. யோத்தெபொரி அண்ணா, குளிர்மாவு முறையை இந்த வாரமே செய்து பார்க்கிறேன். கீழ்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். “15 கிராமா?” என்று புருவத்தைத் தூக்கினார், மறுக்கவில்லை.

ஏற்கனவே காய்ந்துபோனதை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாதீர்கள். குறுக்காக வெட்டி, ஓவனில் குறைந்த சூட்டில் கதவை லேசாகத் திறந்துவைத்து ரஸ்க் ஆக்கிவிடலாம், வாரக்கணக்கில் கெடாது. காபியில் தோய்த்தால், என்னைக் கேட்டால், புதுப் பன்னைவிட இதுதான் ருசி. குங்குமப்பூ வாசனை பிடித்துப்போனவர்கள் அப்படியே காட்லாந்துத் தீவின் குங்குமப்பூ பேன்கேக்கையும் பாருங்கள். பாலில் குழைய வேகவைத்த அரிசி, பாதாம், குங்குமப்பூ சேர்த்து ஓவனில் வைப்பது, மேலே க்ரீமும் பெர்ரி ஜாமும். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் பிடிக்காமல் போக ஒன்றுமே இல்லை. யாராவது செய்திருந்தால் அளவு போடுங்கள்.