மேசையைச் சுற்றி பிள்ளைகள் மட்டும் இல்லை

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

இளையோர் போதைத் தடுப்புக் கூட்டமைப்புகளில் வேலை செய்பவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்கள் வேலையின் போக்கையே மாற்றிய ஒரு சந்திப்பு கட்டாயம் இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

முதல் வருடம் முழுக்க நாங்கள் செய்தது பயமுறுத்தல்தான். கறுத்துப்போன நுரையீரல், எலும்பும் தோலுமான உடம்பு என்று படம் போட்டுக் காட்டினோம். ஒருநாள் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடமாட உதவி செய்ய வந்தான். "சார், படத்துல இருக்கற மாதிரி யாரையும் நாங்க பாத்ததே இல்ல. வேப், அதான் சார் எலக்ட்ரானிக் சிகரெட், இழுக்கற அண்ணனுங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. அப்போ நீங்க சொல்ற மத்ததும் பொய்தானோன்னு தோணுது" என்றான். சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது கவலைதான் மிஞ்சியது. இனி நான் உண்மையைச் சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவே தொடங்கினேன். 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய 'டேர்' என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்தார்கள். அதன் பழைய பாடத்திட்டத்தால் பிள்ளைகளின் பழக்கத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் வரவில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. எங்களுக்கு முன்பே ஒரு நாடு செலவழித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது.

அடுத்த வருடம் பெயர் எழுதத் தேவையில்லாத கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தோம். பெரும்பாலான பிள்ளைகள் எதையும் தொட்டதில்லை. ஆனால் அதே பிள்ளைகள், தங்களோடு படிப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் பழக்கம் இருப்பதாக நம்பினார்கள். எல்லோரும் செய்கிறார்கள், நான்தான் ஒதுங்கி நிற்கிறேன் என்ற அந்த நினைப்பே ஒரு பிள்ளையை உள்ளே இழுக்கப் போதும். இந்தக் கணக்கை அவர்களிடமே எடுத்துப்போய்க் காட்டினோம். வகுப்பில் அத்தனை கேள்விகள் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மருந்தாளுநர்:

ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் குழுவின் ஆரம்பக் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. யார் விற்கிறார்கள், எங்கிருந்து வருகிறது என்று வெளியாட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். ஒருநாள் ஒரு பாட்டி, கணவரின் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்து மிச்சமான வலி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நான் ரெண்டு அட்டை வச்சிருந்தேன்பா. ஒண்ணுதான் இருக்கு. பேரன்கிட்ட கேக்க பயமா இருக்கு" என்றார். வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையனிடம் பேசி, மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். அது தனிக் கதை. ஆனால் அன்றோடு எங்கள் பார்வை வீட்டு அலமாரிப் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் 2010 முதல் மிச்ச மருந்துகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள தனி நாட்களே ஒதுக்குகிறார்கள். நாங்களும் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை வைத்தோம். யார், ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்டால் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள்.

குழுவின் இளைய உறுப்பினர், வயது 19:

எனக்கு முதலில் கொடுத்த வேலை பேனர் பிடிப்பது. ரெண்டு ஊர்வலம் போனேன், போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது கூட்டத்தில் பொறுக்க முடியாமல் எழுந்து கேட்டேன்: "சாயங்காலம் ஆறு மணிக்கு மைதானத்தைப் பூட்டிடறீங்க. அதுக்கப்புறம் நாங்க எங்க போறது?" யாரிடமும் பதில் இல்லை. சாவியை வைத்திருந்தவரே அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்!

இதே கேள்விக்கு ஐஸ்லாந்து கண்ட பதிலைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, பிறகுதான் படித்தேன். 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்து போதையானதாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதமானது. விளையாட்டு, இசை வகுப்புக் கட்டணத்துக்கு நகராட்சிகள் பணம் கொடுத்தன, பெற்றோர்கள் இரவில் சேர்ந்து ரோந்து நடந்தார்கள், இரவு எத்தனை மணிவரை பிள்ளைகள் வெளியே இருக்கலாம் என்று சட்டம் வந்தது. இது எல்லாவற்றோடும் வருடா வருடம் பிள்ளைகளிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கேட்பதுதான். எங்கள் மைதானம் இப்போது ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது, பெரியவர்கள் முறை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

ஒரு தாய்:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மகன் ஏற்கெனவே அந்தப் பழக்கத்துக்குள் போய்விட்டவன். இப்போது சிகிச்சையில் இருக்கிறான். எங்கள் பகுதியின் தடுப்புக் குழுக் கூட்டத்துக்கு ஒரே ஒருமுறை போனேன். "போதை ஆசாமிகளிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்போம்" என்று மேடையில் பேசினார்கள். என் பிள்ளை அதில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

தடுப்பு வேலை எல்லாம் நல்லதுதான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று மெல்லச் சந்தேகப்படும் ஒரு அம்மா, அந்த மேடைப் பேச்சைக் கேட்ட பிறகு வாய் திறப்பாளா? நான் திறக்கவில்லை. எட்டு மாதம் போய்விட்டது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் இன்று அப்படியே வாசித்துக் காட்டினேன். அந்தச் சொல்லை நானும் மேடையில் பேசியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1997-ல் வந்த சட்டத்தின் கீழ் நிதி வாங்கும் கூட்டமைப்புகளில் 12 துறைகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பெற்றோர், பள்ளி, காவல், மருத்துவம், ஊடகம், வணிகம், மத அமைப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் இளையோரும் ஒரு துறை. நாங்கள் அதைப் பார்த்துத்தான் ஆட்களைச் சேர்த்தோம். மற்ற நாற்காலிகள் எல்லாம் நிறைந்தன, இளையோர் நாற்காலி மட்டும் ஒரு வருடம் காலியாகக் கிடந்தது. நாற்காலி அடுக்க வந்த அந்தப் பையன்தான் பிறகு அதில் உட்கார்ந்தான். இன்று உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் முதலில் பேசியவனும் அவன்தான். பழக்கத்தில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு இடம் வேண்டும் என்றான். அடுத்த கூட்டத்திலிருந்து அதை ஒதுக்கி வைக்கிறோம். வர மனமிருந்தால் வாருங்கள். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை.