பரண்மேல் நின்ற பாட்டில்

குழு: பழையபேட்டை வீடு

அம்மா: வெள்ளையடிக்க வந்தவர்கள் சமையலறைப் பரணை ஒழித்தபோது, கோணியில் சுற்றிய கறுப்புப் பாட்டில் ஒன்று கிடைத்தது. 1985 என்று போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சதாபிஷேகத்திற்குள் யாராவது எடுத்துச் செல்லுங்கள்.

கப்பல் சித்தப்பா: அண்ணி, அது போர்ட் வைன். 1988இல் எங்கள் கப்பல் போர்ச்சுகலில் நின்றபோது, பெரியவன் பிறந்த ஆண்டுச் சரக்காகத் தேடி வாங்கினேன். பிறந்த ஆண்டுப் போர்ட்டை வாங்கி வைத்து, பிள்ளைக்கு 21 வயதாகும்போது திறப்பது வெள்ளைக்காரர் வழக்கம்.

அப்பா: 2006இல் திறப்பதற்கு யாரும் வரவில்லை.

பர்கூர் அத்தை: அது மாந்தோப்புப் பாகப்பிரிவினை நடந்த ஆண்டு. யார் வருவார்கள்?

கப்பல் சித்தப்பா: தோப்பை விடுங்கள். பாட்டில் படுத்திருந்ததா, நின்றிருந்ததா?

அப்பா: சாய்த்தால் ஒழுகும் என்று நான்தான் நிமிர்த்தி வைத்தேன்.

கப்பல் சித்தப்பா: அங்கேதான் கெட்டது. போர்ச்சுகலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், போர்ட்டுக்கான திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுவதால், இனிப்பும் தங்கி, சாராய அளவும் 20 சதவீதத்தை ஒட்டி நின்று, மற்ற வைன்களைவிட நெடுநாள் தாங்குகிறது. இது விண்டேஜ் போர்ட். விண்டேஜ் என்றால் ஒரே ஆண்டின் அறுவடை. இரண்டு மூன்று ஆண்டுகளில் பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு வந்து, மிச்ச முதிர்ச்சியெல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். படுக்க வைத்தால் தக்கை ஈரமாக இருக்கும். நிறுத்தினால் காய்ந்து சுருங்கிக் காற்றை உள்ளே விடும். 12 முதல் 15 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அடுப்புக்கு மேலே 37 ஆண்டுகள் நின்றிருக்கிறது.

சென்னை தங்கை: குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நான்: டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே மூன்று விரற்கடை இறங்கியிருக்கிறது. அடியில் கறுப்பு வண்டல். தக்கையைச் சுற்றி வழிந்த பாகு பிசினாகக் காய்ந்திருக்கிறது. நிறம் கருப்பட்டிக் காப்பிதான்.

கப்பல் சித்தப்பா: இளமையில் அது நாவற்பழ நிறம். நன்றாகப் பாதுகாத்தாலும் வயதானால் பழுப்பேறும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்துக் கைவிட வேண்டாம். அளவு குறைந்ததும் தக்கை கசிந்ததும்தான் கவலை. பழவாசம் முதலில் போகும். பிறகு வெறும் இனிப்பும் சாராயக் காரமும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும்.

பர்கூர் அத்தை: காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு எத்தனை கிலோ சொல்லட்டும்?

அம்மா: பத்து. சதாபிஷேக வீட்டில் சாராயப் பேச்சு வேண்டாம்.

அப்பா: தகடூர் அதியமான் சிறிதளவு கள் கிடைத்தால் ஔவைக்குக் கொடுத்தான். நாம் பரணுக்குக் கொடுத்தோம்.

சென்னை தங்கை: தமிழாசிரியர் ஓய்வு பெற்றும் வகுப்பு ஓயவில்லை.

கப்பல் சித்தப்பா: சனிக்கிழமை ஓசூரிலிருந்து வருகிறேன். தக்கை உதிரும், மல்துணியில் வடிகட்ட வேண்டும். திறந்தால் இரண்டொரு நாளில் முடித்துவிட வேண்டும். காடி வாடை அடித்தால் தென்னைக்கு ஊற்றிவிடலாம்.

அப்பா: நீ முதலில் வா. திறப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாட்டிலை இப்போது படுக்க வைத்துவிட்டேன்.

கப்பல் சித்தப்பா: அண்ணா, திறப்பதற்கு முன் வண்டல் அடியில் தங்க ஒரு நாளாவது நிமிர்த்தி வைக்க வேண்டும்!

பர்கூர் அத்தை: பத்து கிலோ போதுமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.