டெக்சாஸ் கிராமத்துக் கவுண்டிக்குக் குடிபோகிறவர்களுக்கு: எந்த வேலைக்கு எந்த ஜன்னல்?

கேள்வி

வணக்கம். டெக்சாஸில் பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே ஐந்து ஏக்கரோடு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே மாநகராட்சி எதுவும் கிடையாது, எல்லாமே கவுண்டிதான் என்கிறார்கள். முதல் வருடம் எதை எங்கே முடிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள், பாதி அலைச்சல் குறையும். நம்மூரில் ரோடோ பட்டாவோ எதுவானாலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால், அவர் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவைப்பார். இங்கே அப்படி ஒரு தலை கிடையாது. கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள், ஷெரிஃப் (போலீஸ்), கவுண்டி கிளார்க் (பத்திரப் பதிவு), டாக்ஸ் அசெஸர் (வரி வசூல்) எல்லோரும் தனித்தனியாக ஓட்டு வாங்கி வந்தவர்கள், நான்கு வருடப் பதவி. ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போட முடியாது. "ஜட்ஜ் சொன்னார்" என்று டாக்ஸ் ஆபீஸில் போய் நின்றால் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

மாநிலத்தில் மொத்தம் 254 கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் பேர், லவிங் கவுண்டியில் 64 பேர். இரண்டுக்கும் அடிப்படைச் சட்டகம் ஒன்றுதான்.

கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்ததுதான் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில் கோர்ட் இருந்தாலும் அது வழக்கு நடக்கும் இடமில்லை, பட்ஜெட் போடும் சபை. கவுண்டி நான்கு பிரிசிங்க்ட்டாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலான கிராமத்துக் கவுண்டிகளில் உங்கள் பிரிசிங்க்ட் கமிஷனர்தான் உங்கள் ரோட்டுக்குப் பொறுப்பு. ரோட்டைச் சீவிச் சமன்செய்யும் கிரேடர், டம்ப் டிரக், ஆட்கள் எல்லாம் அவர் கையில். வீடு வாங்குமுன் அது எந்த பிரிசிங்க்ட், வீட்டுக்கு முன்னால் ஓடுவது கவுண்டி ரோடா, மாநில ரோடா, தனியார் ரோடா என்று கேட்டுவிடுங்கள். இதில் தனியார் ரோடுதான் வம்பு. அதில் கவுண்டி இயந்திரம் ஒரு லோடு ஜல்லி கொட்டுவதும் பொதுப்பணத்தைத் தனியாருக்குக் கொடுத்த கணக்கு, மாநில அரசியலமைப்பு அதைத் தடுக்கிறது. மக்கள்தொகை 7,500க்கு மிகாத கவுண்டிகள் மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யலாம். ஏஜென்ட் "கவுண்டி பார்த்துக்கும்" என்றால் எழுத்தில் கேளுங்கள்.

வண்டியையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்தால் 30 நாளுக்குள் கவுண்டி டாக்ஸ் ஆபீஸில் பதிய வேண்டும். டெக்சாஸ் முகவரியோடு இன்ஷூரன்ஸ், பழைய டைட்டில் (வண்டியின் உரிமைச் சான்று) அல்லது பதிவுத்தாள், டைட்டில் விண்ணப்பமான 130-யூ படிவம், காலாவதியாகாத அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட் காட்டுபவர்கள் விசாவும் நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 தாளும் சேர்த்தே எடுத்துப் போங்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு வண்டி வரி 90 டாலர், மொத்தமாக ஒரே தொகை. கிராமத்துக் கவுண்டிகளில் 2025 ஜனவரியிலிருந்து சொந்தக் காருக்கு இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது, ஆனால் அதற்கு ஈடாக 7.50 டாலரைப் பதிவோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் வருடத்துக்கு 200 டாலர் கூடுதல்.

பழைய வண்டியைத் தனியாரிடம் வாங்கினால் விற்பவரையும் டாக்ஸ் ஆபீஸுக்கு அழைத்துப் போங்கள். டைட்டிலில் ஒரு கையெழுத்து தப்பினாலும் பிறகு அவரைத் தேட வேண்டியதாகிவிடும். வரி 6.25 சதவீதம். கொடுத்த விலை, மாநிலம் வைத்திருக்கும் உத்தேச மதிப்பில் 80 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதன்மேல். "ஆயிரம் டாலர்னு எழுதிக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், அது இங்கே எடுபடாது.

டிரைவர் லைசென்ஸ் மட்டும் கவுண்டி இல்லை, மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறையான டிபிஎஸ். அதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. பக்கத்துக் கவுண்டிக்குப் போக வேண்டியிருக்கலாம், அப்பாயின்ட்மென்ட்டை முன்பே போட்டுவிடுங்கள்.

பதில் 2

மேலே அண்ணன் ரோடு, வண்டி சொல்லிவிட்டார். விசா நிபந்தனைப்படி மூன்று வருடக் கட்டாயப் பணிக்கு வந்து வாடகையில் இருக்கப்போகும் டாக்டர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம். வீடு வாங்குபவர்களுக்கு வரி நாள்காட்டிதான் உயிர்.

மதிப்புப் போடுவது கவுண்டி இல்லை, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. வசூலிப்பது டாக்ஸ் ஆபீஸ், சில இடங்களில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டே வசூலும் செய்யும். மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. நோட்டீஸ் ஏப்ரல், மே வாக்கில் வரும். அதிகம் என்று பட்டால் மே 15க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் போட வேண்டும். டெக்சாஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை. அதனால் அவர்கள் போட்டதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் வீடு கைமாறும்போது கொடுக்கும் க்ளோசிங் தாள்தான் உங்கள் பலமான சாட்சி. கூரை ஒழுகல், அஸ்திவார விரிசல் இருந்தால் போட்டோவும் ரிப்பேர் மதிப்பீடும் கொண்டுபோங்கள். "வரி கட்டுப்படியாகலை" என்ற வாதம் அங்கே செல்லாது, மதிப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு கேட்டு விண்ணப்பியுங்கள். பள்ளி வரிக்கான மதிப்பில் 1,40,000 டாலரைக் கழிப்பார்கள். 2025 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். குடியுரிமை தேவையில்லை, ஆனால் லைசென்ஸில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்குத் தடங்கல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விண்ணப்பம் இலவசம். வீடு பதிவான சில வாரங்களில் "உங்கள் டீட் (வீட்டுப் பத்திரம்) நகல்", "ஹோம்ஸ்டெட் பதிவு" என்று அரசாங்கக் கடிதம் மாதிரியே பணம் கேட்டுத் தபால் வரும், குப்பையில் போடுங்கள். டீட் நகல் கவுண்டி கிளார்க்கிடம் பக்கத்துக்கு ஒரு டாலர், சான்றிட்ட நகலுக்கு மேலே ஐந்து டாலர்.

பில் அக்டோபர் வாக்கில் வரும். ஜனவரி 31 கடைசி. பிப்ரவரியில் 7 சதவீதம் ஏறும், பிறகு மாதம் 2 சதவீதமாகக் கூடி ஜூனில் 15, ஜூலையில் 18. அதற்குமேல் வசூல் வக்கீல் கட்டணமாக 20 சதவீதம் வரை சேரலாம். பில் வரவில்லை என்ற காரணத்தைச் சட்டம் ஏற்காது. தபாலில் செக் அனுப்பினால் கணக்கில் எடுப்பது போஸ்ட்மார்க் தேதியைத்தான். கிராமத்துத் தபால் பெட்டியில் போட்டது பெருநகரத்தில் இரண்டு நாள் கழித்து முத்திரை குத்தப்படலாம், கடைசி வாரம் என்றால் கவுன்டரிலேயே முத்திரை கேட்டு வாங்குங்கள்.

நிலத்துக்கு விவசாய மதிப்பு இருக்கிறது, வரி கொஞ்சம்தான் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது நிலத்தோடு தானாக வராது. புது உரிமையாளர் மே 1க்கு முன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய ஏழு வருடத்தில் ஐந்து வருடம் விவசாயப் பயன்பாடு இருந்திருக்க வேண்டும், நீங்களும் மாடோ வைக்கோலோ தொடர வேண்டும். எத்தனை ஏக்கருக்கு எத்தனை மாடு என்பது அந்தந்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் அளவு. பயன்பாட்டை மாற்றினால் மூன்று வருட வித்தியாச வரியைப் பின்னோக்கிக் கேட்பார்கள். வீடு நிற்கும் துண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பதில் 3

ஐந்து ஏக்கர் என்றதால் செப்டிக் (வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி அமைப்பு) பற்றிச் சொல்ல வேண்டும். பத்து ஏக்கருக்குக் குறைந்தால் புதிதாகப் போடவோ மாற்றவோ பெர்மிட் கட்டாயம். லைசென்ஸ் உள்ளவர் கழிவுநீர் மண்ணில் இறங்கும் பகுதியின் (டிரெயின்ஃபீல்டு) இரு முனையிலும் குழி தோண்டி மண்ணைப் பார்ப்பார். களிமண் என்றால் சாதாரண டிரெயின்ஃபீல்டு கிடைக்காது, காற்றூட்டிச் சுத்திகரித்துத் தரையில் தெளிக்கும் ஏரோபிக் ஸ்ப்ரேதான். கிணற்றுக்கும் டேங்குக்கும் 50 அடி, கிணற்றுக்கும் டிரெயின்ஃபீல்டுக்கும் 100 அடி இடைவெளி வேண்டும். பழைய வீட்டுக்கு பெர்மிட் நம்பரை வைத்துக் கவுண்டியில் வரைபடம் கேளுங்கள், டேங்க் மூடி எங்கே புதைந்திருக்கிறது என்பது அதில்தான் இருக்கும்.

ஏரோபிக்கில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். குளோரின் மாத்திரை போடும்போது ஜாக்கிரதை. நீச்சல்குள மாத்திரை மலிவு என்று போடாதீர்கள், அது வேறு ரசாயனம். செப்டிக் மாத்திரையோடு கலந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. நம் சமையலறையிலிருந்து போகக்கூடாதவை: பொரித்த எண்ணெய், தேங்காய்ச் சக்கை, ஃபில்டர் காபித் தூள், கறிவேப்பிலை. எண்ணெய் ஸ்ப்ரே தலையை அடைத்துவிடும், சக்கை டேங்கில் மக்காமல் மேலே மிதந்து படலமாகும்.

வாசலுக்குப் புது வழி போடுவதென்றால் சாக்கடைப் பள்ளத்தில் கல்வர்ட் பைப் வைக்க வேண்டும். கவுண்டி ரோடு என்றால் கமிஷனர் ஆபீஸில் அனுமதி, எஃப்எம் (ஃபார்ம் டு மார்க்கெட்) என்று தொடங்கும் மாநில ரோடு என்றால் டெக்சாஸ் போக்குவரத்துத் துறையில் அனுமதி. பைப்பின் விட்டத்தை அவர்கள் சொல்லட்டும். சின்னப் பைப் வாங்கிப் போட்டால் முதல் பெருமழையில் சருகு அடைத்துத் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறும், பில் உங்களுக்கு வரும். பைப்பின்மேல் குறைந்தது ஓர் அடி மண் நிற்க வேண்டும், இல்லையென்றால் கான்கிரீட் லாரி ஒருமுறை ஏறினாலே நசுங்கிவிடும்.

ரோடு பற்றிப் புகார் செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணும் கலீச்சியும் (சுண்ணாம்புச் சரளை) கலந்த ரோட்டை ஈரம் இருக்கும்போதுதான் சீவ முடியும். காய்ந்திருக்கும்போது சீவினால் நுண்மண் தூசியாகப் பறந்துபோய், வெறும் கல் மிஞ்சி, வரிவரியாக மேடு விழும். நடு மேட்டிலிருந்து ஓரத்துக்கு அடிக்கு அரை அங்குலச் சரிவு வேண்டும். அது மழுங்கினால் தண்ணீர் நடுவிலேயே தேங்கிக் குழியாகும். "மழை விட்டதும் கிரேடரைக் காணோம்" என்று கத்துவதைவிட, எந்த மைலில் தண்ணீர் தேங்குகிறது என்று போட்டோவோடு சொன்னால் ஆள் வருவார்.

மீண்டும் கேள்வி

மிக்க நன்றி. ஜூரி சம்மன் ஒன்று வந்தால் என்ன செய்வது? பெற்றோரும் கூட வந்து தங்குவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதும் சொல்லுங்கள்.

பதில் 4

ஜூரிப் பட்டியலை வாக்காளர் பட்டியலிலிருந்தும் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் எடுக்கிறார்கள். அதனால் ஹெச்1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சம்மன் வரலாம். தூக்கிப் போடாதீர்கள். குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். டிபிஎஸ் கவுன்டரில் லைசென்ஸ் எடுக்கும்போது "வாக்காளராகப் பதியலாமா" என்று வழக்கமாகக் கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேண்டாம் என்று சொல்லி, திரையிலும் அப்படித்தான் பதிவானதா என்று பாருங்கள். தெரியாமல் குடிமகன் என்று டிக் போட்டதும் நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம்.

பெற்றோர் பற்றி. புது மனை என்றால் முதல் வேலை 911 முகவரி. கவுண்டியிலோ வட்டார கவுன்சிலிலோ கொடுப்பார்கள். நம்பரை வாசலில் இரவிலும் தெரியும்படி வையுங்கள், ஆம்புலன்ஸ் ஜிபிஎஸ் கிராமத்து ரோட்டில் அடுத்த கேட்டுக்குப் போய் நிற்பது சகஜம்.

வீட்டில் மரணம் நேர்ந்தால், மரணத்தை விசாரிக்கும் மருத்துவரான மெடிக்கல் எக்ஸாமினர் இல்லாத கவுண்டிகளில் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற உள்ளூர் நீதிபதிதான் விசாரணை அதிகாரி. பெரும்பாலும் அவர் டாக்டர் இல்லை. காரணம் தெளிவாக இல்லையென்றால் போஸ்ட்மார்ட்டத்துக்கு வெளியூர் அனுப்பச் சொல்வார், நாள் கணக்கில் இழுக்கும். அதனால் பெற்றோரின் நோய் விவரம், மருந்துப் பட்டியல், பார்க்கும் டாக்டரின் நம்பர் மூன்றையும் ஒரே தாளில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். மறுநாளே தகனம் என்ற நம் வழக்கம் இங்கே தானாக நடக்காது. மரணத்திலிருந்து 48 மணி நேரம் கழியாமல் எரியூட்டக் கூடாது. அந்த ஜட்ஜ் எழுத்தில் விலக்குக் கொடுத்தால் மட்டும் முன்னதாகச் செய்யலாம். ஃப்யூனரல் ஹோம் மூலமாகக் கேளுங்கள், காரணம் தெளிவாக இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அதே ஜட்ஜ்தான் ஸ்பீடிங் டிக்கெட்டும் பார்ப்பார், 20,000 டாலர் வரையிலான சிவில் வழக்கும் பார்ப்பார். டிக்கெட்டில் உள்ள தேதிக்குள் டிரைவிங் கோர்ஸ் கேட்டால் தண்டனைப் பதிவு இல்லாமல் முடியும். அதற்கு டெக்சாஸ் லைசென்ஸ் வேண்டும், வரம்பைவிட 25 மைலோ அதற்கு மேலோ தாண்டியிருக்கக் கூடாது. தேதி தாண்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பதில் 1, மறுபடி

ஒன்று விட்டுப்போனது. கமிஷனர்ஸ் கோர்ட்டில் பேசப் போகிறவர்கள் அஜெண்டா பாருங்கள், கூட்டத்துக்கு மூன்று வேலை நாள் முன்பே ஒட்ட வேண்டும். அஜெண்டாவில் இல்லாததைப் பற்றி நீங்கள் பேசலாம், அவர்கள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டம் விடாது. அதனால் விஷயத்தை எழுதி கவுண்டி ஜட்ஜ் ஆபீஸில் ஒரு வாரம் முன்பே கொடுத்து அஜெண்டாவில் ஏற்றச் சொல்லுங்கள். ரோடுக்குப் பணம் வேண்டுமென்றால் பட்ஜெட் கூட்டம் பெரும்பாலும் ஆகஸ்டில், பிப்ரவரியில் கேட்டால் "அடுத்த வருடம்" என்பார்கள்.

போகிக்குப் பழையதைக் கொளுத்துபவர்கள் கவனிக்க: கமிஷனர்ஸ் கோர்ட் எரிப்புத் தடை போட்டிருந்தால் 500 டாலர் வரை அபராதம். ஒரு உத்தரவு 90 நாள் வரை ஓடும். தடை இல்லாத நாளிலும் பிளாஸ்டிக், டயர் எரிக்கக் கூடாது. செடிகொடிக் குப்பையை எரிப்பதென்றாலும் முதலில் ஷெரிஃப் ஆபீஸின் அவசரமில்லாத நம்பருக்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்காரர் புகையைப் பார்த்து 911 அடிப்பார், வேலையைப் போட்டுவிட்டுத் தன்னார்வத் தீயணைப்பு ஆட்கள் வந்து நிற்பார்கள்.