புது சார்ஜர் இரண்டு செல்களை மட்டும் ஏற்க மறுக்கிறது, என்ன செய்யலாம்?

ஃப்ளாஷ்தம்பி:
கல்யாண போட்டோ எடுப்பவன் நான். ஃப்ளாஷுக்கான நான்கு டபுள் ஏ ரீசார்ஜபிள் செல்கள் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, கொள்ளளவு 2000 எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர் மணி) எட்டு மாதமாக ஃப்ளாஷுக்குள்ளேயே கிடந்துவிட்டன. முகூர்த்த மாதம் வருகிறதே என்று எடுத்து, டிஸ்ப்ளே உள்ள புது சார்ஜரில் போட்டேன். இரண்டு ஏறிவிட்டன. மற்ற இரண்டைப் போட்டால் செல்லே போடாத மாதிரி காட்டுகிறது. ஆனால் ராத்திரி முழுக்கச் சொருகி வைக்கும் பழைய சார்ஜரில் அதே இரண்டுக்கும் விளக்கு எரிகிறது. கோளாறு சார்ஜரிலா, செல்லிலா?

மின்பட்டறை:
மல்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள்.

ஃப்ளாஷ்தம்பி:
ஏறியவை 1.41 வோல்ட். ஏறாதவை 0.31, 0.04.

மின்பட்டறை:
அப்படியானால் சார்ஜர் சரியாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரி சார்ஜர்கள் முதலில் செல்லின் வோல்டேஜைப் பார்க்கும். மிகவும் இறங்கியிருந்தால் முழு கரண்டைக் கொடுக்காது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, உங்கள் செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் அளவில் மெதுவாகக் கொடுத்து, 0.9, 1 வோல்ட் வந்த பிறகே வேகம் கூட்டும். பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போலத்தான். அடியோடு இறங்கிய செல்லில் உள் எதிர்ப்பு கூடியிருக்கும். எடுத்தவுடன் வேகமாக ஏற்றினால் சூடாகும். இன்னொன்று, செல் நிறைந்ததும் வோல்டேஜ் சில மில்லி வோல்ட் இறங்கும், அதை வைத்துத்தான் சார்ஜர் நிறுத்துகிறது. இப்படிப்பட்ட செல்லில் ஆரம்பத்திலேயே வோல்டேஜ் ஏறி இறங்கும், சார்ஜர் ஏமாந்து பாதியில் நிறுத்திவிடும்.

உங்களுடையது 0.31-ஐக் காலி இடம் என்றே நினைத்துக்கொள்கிறது, அதனால் கஞ்சிக் கட்டத்துக்கே போகவில்லை. பழையதற்கு மூளை கிடையாது, எதைப் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். அதில் 20 நிமிடம் வைத்து, 1 வோல்டைத் தாண்டியதும் புதியதற்கு மாற்றி ரெஃப்ரெஷ் போடுங்கள். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றும். பக்கத்திலேயே இருங்கள், தொட முடியாத சூடு என்றால் எடுத்துவிடுங்கள்.

பழையரேடியோ:
நான் நல்ல செல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் ஒயர் பிடித்து ஒரு நிமிடம் உயிர் கொடுப்பேன்.

மின்பட்டறை:
ஒயர் சுடும், ஆனாலும் நடக்கும். 18650 போன்ற லித்தியம் செல்லில் மட்டும் இந்த வித்தை வேண்டவே வேண்டாம். அங்கேயும் முன்-சார்ஜ், அதாவது அந்தக் கஞ்சிக் கட்டம், உண்டு. லித்தியம் செல்லை ஏற்றும் டிபி4056 சிப் 2.9 வோல்டுக்குக் கீழே பத்தில் ஒரு பங்குதான் விடும். ஆனால் நெடுநாள் அடிமட்டத்தில் கிடந்த லித்தியம் செல்லில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, பிறகு ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம். தீப்பிடிக்கிற விஷயம் அது.

ஃப்ளாஷ்தம்பி (மூன்று நாள் கழித்து):
0.31 பிழைத்துவிட்டது! மூன்று சுற்று ரெஃப்ரெஷுக்குப் பிறகு கொள்ளளவு 1720 எம்ஏஎச் காட்டுகிறது. 0.04 நன்றாகச் சுட்டது, 640-ஐத் தாண்டவில்லை. நான்கையும் சேர்த்து ஃப்ளாஷில் போடலாமா?

மின்பட்டறை:
கூடாது. வரிசையாக இணைத்தால் 640 முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதற்குள் கரண்டைத் தள்ளி, பிளஸ் மைனஸையே தலைகீழாக்கிவிடும். 0.04 ஆனதே இப்படித்தான் இருக்கும். ஃப்ளாஷுக்குப் புதிதாக நான்கு வாங்கிவிடுங்கள். நன்றாக இருக்கும் மூன்றும் தனித்தனியாக எங்காவது உதவும்.

ஃப்ளாஷ்தம்பி:
சரி அண்ணா. 640-ஐச் சுவர்க் கடிகாரத்தில் போட்டிருக்கிறேன், ஓடுகிறது.

பழையரேடியோ:
மண்டபத்துக்கு அந்தக் கடிகாரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள் தம்பி.