கடற்படை டாக்யார்டில் ஆள் மேய்த்த கதைகள்

பழைய சார்ஜ்மேன்:
கிழக்குக் கரையில் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கிற ஒரு டாக்யார்டில் எஞ்சின் ஃபிட்டர் பிரிவுக்குச் சார்ஜ்மேனாக, அதாவது மேற்பார்வையாளனாக, இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கீழே மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன், ஃபிட்டர், உதவிக்கு மேட். மேலே ஃபோர்மேன், அவருக்கும் மேலே யூனிஃபார்ம் அதிகாரி. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற நாற்காலி.

ரிஃபிட்டுக்கு, அதாவது பெரிய பழுதுபார்ப்புக்கு, வந்த ஒரு கப்பலில் கடல்நீர் கூலிங் பம்ப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. கப்பல் தண்ணீரை வெளியேற்றிய டிரை டாக்கில் இல்லை, ஜெட்டியில் மிதந்துகொண்டிருந்தது. அதாவது வால்வுக்கு அந்தப் பக்கம் கடல். வால்வை மூடி, 'திறக்காதே' என்று சிவப்பு டேக் கட்டி, கப்பல்காரர்களும் நாங்களும் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னிடம் இருந்த மூத்த ஃபிட்டர் குழாய் இணைப்பான எந்த ஃபிளாஞ்சையும் எடுத்த எடுப்பில் கழற்ற மாட்டார். நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துவார், லேசாக நெம்பிவிட்டு நிற்பார். குழாயில் தேங்கின தண்ணீர் என்றால் சற்று நேரத்தில் வடிந்துவிடும். அன்றைக்குத் தண்ணீர் நிற்கவே இல்லை, வந்துகொண்டே இருந்தது. பேசாமல் நட்டுகளைத் திரும்ப இறுக்கிவிட்டார். வால்வு சீட்டில் சிப்பி ஏறியிருந்ததால் சக்கரம் முழுதாக மூடினமாதிரி காட்டியிருக்கிறது.

பக்கத்தில் நின்ற இளம் அதிகாரிக்கு அவசரம். "டேக்தான் போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்றார். "சார், தண்ணிக்குப் படிக்கத் தெரியாது" என்றார் ஃபிட்டர். டைவரை இறக்கி வெளிப்பக்கம் அடைத்த பிறகுதான் பம்ப் கையில் வந்தது. எனக்கு அன்றைக்கு ஒரே வேலைதான்: அந்த அதிகாரி ஃபிட்டரை அவசரப்படுத்தாமல் நடுவில் நிற்பது.

கியர்பாக்ஸ்காரன்:
அண்ணே, எங்கள் பக்கம் எஞ்சின் வேகத்தைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குக் கொடுக்கிற ரிடக்‌ஷன் கியர். உள்ளே எதுவும் விழுந்துவிடக்கூடாது என்று, மூடியைத் திறந்தால் அங்கே யாருக்கும் சட்டைப்பையில் ஒன்றும் இருக்கக்கூடாது. மோதிரம், வாட்ச், பேனா எல்லாம் வெளியே. ஸ்பேனருக்குக் கயிறு, எல்லாவற்றுக்கும் லிஸ்ட். ஒரு தடவை மூடப்போகிற நேரத்தில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் ஒரு இலையைக் காணோம். முடி கனத்துக்கு ஒரு தகடு. ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்பிவிட்டது. ஃபோர்மேன் மூட விடவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. தானும் தரையில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். கடைசியில் எண்ணெய் துடைத்த பழைய துணியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர் கத்தியிருந்தால் "முன்னாடியே உடைஞ்சது சார்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நாங்களும் மூடியிருப்போம்.

மேற்குக் கரை டாக்யார்ட்காரன்:
எஞ்சினும் ப்ரொப்பெல்லர் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற ஷாஃப்ட் அலைன்மென்ட் என்றால் சூரியன் வருவதற்கு முன்னால் ரீடிங் எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் டெக் விரிகிறது, கப்பலின் உடம்பு வளைகிறது, எண் மாறுகிறது. டிரை டாக்கில் பார்த்த எண்ணும் செல்லாது, கப்பலை மிதக்கவிட்டு உடம்பு நிலைகொண்ட பிறகு மறுபடி பார்க்கணும். இதைச் சொல்லி விடிகாலை நாலு மணிக்கு ஆட்களை வரச் சொன்னால் பேச்சு யூனியன் வரைக்கும் போனது. ஓவர்டைம் சண்டை தனிக்கதை, அதை விடுங்கள். விடிகாலையில் ஒரு ரீடிங் எடுத்தோம். அதே டயல் கேஜை அதே இடத்தில் நடுப்பகலில் வைத்து அவர்களையே பார்க்கச் சொன்னேன். முள் வேறு இடத்தில் நின்றது. அப்புறம் நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டீ மட்டும் கேட்டார்கள், நியாயம்தானே.

பழைய சார்ஜ்மேன்:
புதிதாக வருகிற சூப்பர்வைசர்களுக்கு நான் சொல்கிற கேஸ் நம் ஊருடையது இல்லை. 1969 மே 15, கலிஃபோர்னியாவில் மேர் ஐலண்ட் கடற்படைத் தளம். கட்டி முடியாத அணுசக்தி நீர்மூழ்கி 'கிட்டாரோ' கரையில் கட்டியபடியே மூழ்கியது. குண்டும் இல்லை, புயலும் இல்லை. ஒரு குழு கருவிகளைச் சரிபார்க்கப் பின்பக்கத் தொட்டிகளில் தண்ணீர் விட்டது. இன்னொரு குழு கப்பலை மட்டமாக்க முன்பக்கத் தொட்டிகளில் விட்டது. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. முன்பக்கம் தாழ்கிறது, மேல்தளத்து வாசலான ஹேட்சில் அலை அடிக்கிறது என்று காவலுக்கு நின்றவர் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீர் புகுந்த பிறகு ஹேட்சை மூடப் பார்த்தால் அதன் வழியாகக் கேபிள்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மூன்றே நாளில் மேலே எடுத்துவிட்டார்கள், ஆனால் கடற்படையில் சேர்ந்தது 1972இல்தான்.

அந்த இரண்டு குழுவிலும் கெட்டிக்கார மெக்கானிக்குகள் இருந்திருப்பார்கள். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகவே செய்தார்கள்!

கியர்பாக்ஸ்காரன்:
கேபிள் விஷயம் இன்றைக்கும் அப்படித்தான் அண்ணே. வெல்டிங் கேபிள், ஏர் ஹோஸ், வெளிச்சத்துக்கு ஒயர், எல்லாம் ஒரே ஹேட்ச் வழியாகப் போகும். நாங்கள் சட்டென்று பிரிக்கிற கப்ளிங்கை ஹேட்ச் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி, எந்த ஹோஸ் எந்தப் பிரிவுடையது என்று தகடு கட்டிவிடுவோம். பெயின்டர் கேங்க் மட்டும் இன்னும் கட்டுவதில்லை. அவர்களை வழிக்குக் கொண்டுவந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.