புதுப்பிப்பு: மரியோ இசை ஏன் நடுநடுவே அறுபடுகிறது?

சின்ன வயதிலிருந்து உயிராக இருக்கும் சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேமின் இசை (1985, இசையமைத்தவர் கோஜி கோண்டோ), விளையாடும்போது மட்டும் ஏன் அறுபடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். "சும்மா நின்று கேளுங்கள்" என்றார் ஒருவர். கேட்டேன். மரியோவை ஓரமாக நிறுத்திவிட்டால் மெட்டு பிசிறில்லாமல் ஓடுகிறது (ஆட்டத்தில் மிச்சமுள்ள நேரம் 100-க்குக் கீழே போனதும் தலைதெறிக்க ஓடும், அது வேறு கதை). ஒரு காசை எடுத்தால் போதும், அந்த 'டிங்' அடங்கும் வரை மெட்டைக் காணோம்.

இந்த கேம் ஓடும் நின்டெண்டோ பெட்டியின் ஒலிச் சில்லில் மொத்தமே 5 தடங்கள், ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான்: இரண்டு சதுர அலை (பீப் மாதிரி ஒலிப்பவை), பேஸுக்கு (அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களுக்கு) ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு இரைச்சல், அப்புறம் பதிவுசெய்த ஒலிக்கு ஒன்று. மெட்டு ஓடும் சதுர அலையில்தான் காசுச் சத்தமும் வந்தாக வேண்டும். குதிக்கும் சத்தம் மற்ற சதுர அலையைப் பிடுங்கிக்கொள்ளும். குதித்தபடியே காசு எடுத்தால் பேஸும் தாளமும்தான் மிச்சம். எனக்கு அந்த மிச்சமே ரொம்பப் பிடித்துவிட்டது! யூடியூபில் கிடைக்கும் சுத்தமான பதிவுகள் இப்போது சப்பென்று இருக்கின்றன.

அடுத்து தண்ணீருக்கடியில் வரும் வால்ட்ஸ் (மும்மூன்றாக எண்ணும் நடன மெட்டு). நீந்த பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமே, அதில் எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கிறேன்.